தொண்டை வலிக்கு விற்கிற சாமான்கள்: சீழ்க்கட்டி என்றால் எது உதவும், எது ஏமாற்றும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மருந்துக்கடையில் தொண்டை வலிக்கென்று அடுக்கி வைத்திருப்பதில் பெரும்பாலானவை நல்ல பொருட்கள்தான், சாதாரணத் தொண்டை வலியாக இருக்கும்வரை. சளி பிடித்து, மூக்கு ஒழுகி, இருமலோடு இரண்டு பக்கமும் கரகரவென்று வருகிற வலி ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் தானாகவே போய்விடும். அதுவரை தாக்குப்பிடிக்க ஏதாவது வேண்டும், அவ்வளவுதான். டான்சிலுக்குப் பின்னால் சீழ் கோத்துக்கொண்டால்தான் சிக்கல். அதுவும் ஆரம்பத்தில் இதே தொண்டை வலிதான், அதற்கும் ஆட்கள் வாங்குவது இதே பொருட்கள்தான். "ஒரு பக்கம் மட்டும் வலித்து, வாயைத் திறக்க முடியாமல் போனால் இதைக் கீழே வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று எந்த டப்பாவிலும் கண்ணில் படும்படி அச்சிட்டு நான் பார்த்ததில்லை. என் தம்பிக்கு இந்தக் கட்டி வந்தபோது கீழே எழுதியிருக்கிற எல்லாமே அவன் மேஜையில் இருந்தன. பக்கத்தில் இருந்து பார்த்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: இந்தப் பொருட்கள் சீழ்க்கட்டியைக் குணப்படுத்தாது, ஆனால் ஒவ்வொன்றும் எப்படித் தோற்கிறது என்று கவனித்தால் நோய் இன்னதென்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

சப்புகிற மாத்திரையில் இருந்து ஆரம்பிக்கிறேன், எல்லோரும் முதலில் எடுப்பது அதுதானே. இதில் இரண்டு வகை. அமைல்மெட்டாகிரெசால், டைகுளோரோபென்சைல் ஆல்கஹால் என்று பின்னால் போட்டிருப்பது மென்மையான கிருமிநாசினி வகை. வலியைக் கொஞ்சம் குறைக்கும், மற்றபடி அதில் பாதி வேலையைச் செய்வது ஊறுகிற எச்சில்தான். இன்னொன்று ஃப்ளர்பிப்ரோஃபென் 8.75 மில்லிகிராம் உள்ளது, இது உண்மையான வலி நிவாரணி. ஒரு நாளைக்கு ஐந்துக்கு மேல் கூடாது. ஐபுப்ரோஃபென் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், ஏற்கெனவே ஐபுப்ரோஃபென் விழுங்கிக்கொண்டிருப்பவர்கள் இதையும் சேர்த்துச் சப்புவது வயிற்றுக்கு ஆகாது. வயிற்றுப்புண் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். சாதாரணத் தொண்டை வலியைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது வகைக்கு நான் தாராளமாக ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுப்பேன்.

சீழ்க்கட்டியில் என்ன நடக்கிறது என்றால், மாத்திரை கரையக் கரைய எச்சில் ஊறுகிறது, ஊறுகிற எச்சிலை விழுங்க முடிவதில்லை. வலிக்கிறது என்பதால் மெதுவாக விழுங்குவது வேறு, விழுங்கவே மனம் வராமல் துப்பிக்கொண்டே இருப்பது வேறு. தம்பி மாத்திரையை வாயில் போட்டதும் ஒரு துண்டை மடித்து மோவாய்க்கடியில் பிடித்துக்கொண்டான், வாய் ஓரமாக எச்சில் வழிந்துகொண்டே இருந்தது, அதைத் துடைத்துத் துடைத்து அந்த இடமே சிவந்துவிட்டது. இது ஒரு அறிகுறி, அதுவும் லேசில் விடக்கூடாத அறிகுறி. மாத்திரை சரியில்லை, வேறு பிராண்டு வாங்கலாம் என்று யோசிக்கிற கட்டமே இல்லை அது.

அடுத்தது மரத்துப்போக வைக்கிற ஸ்ப்ரே. லிடோகெயின் அல்லது பென்சோகெயின் இருக்கும். அடித்த சில நிமிடங்களில் தொண்டையின் மேல்தோல் மரத்துவிடும், கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும். ஆனால் சீழ் இருப்பது மேல்தோலில் இல்லையே. டான்சிலைச் சுற்றி ஒரு உறை இருக்கிறது, அந்த உறைக்கும் தொண்டையின் பக்கச் சுவர்த் தசைக்கும் நடுவில் இருக்கிற சந்தில் போய்த்தான் சீழ் தேங்குகிறது. ஸ்ப்ரே அங்கே எட்டவே எட்டாது. உள்ளே அழுத்தம் கூடிக்கொண்டே போகும்போது மேலே மரத்து என்ன பயன், விண் விண்ணென்று தெறிப்பது அப்படியேதான் இருக்கும். போதாக்குறைக்கு, மரத்துப்போன தொண்டையோடு எதையாவது விழுங்கினால் புரையேறும். பென்சோகெயினுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அரிதாக இரத்தம் ஆக்சிஜனைக் கொண்டுபோகும் திறனையே கெடுத்து உதடு, நகமெல்லாம் நீலம் பாரிக்க வைத்துவிடும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் வாயில் இதைப் பயன்படுத்தவே வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் எச்சரித்தது.

ஸ்ப்ரே காட்டிக்கொடுத்தது என்னவென்றால், அதன் மூக்கு தம்பியின் வாய்க்குள் போகவில்லை. வாய் அந்த அளவுக்குத் திறக்கவில்லை. எனக்கு இதுதான் எல்லா அறிகுறிகளிலும் முக்கியமானதாகப் படுகிறது, ஏனென்றால் சாதாரணத் தொண்டை வலியிலோ வெறும் டான்சில் வீக்கத்திலோ தாடை இப்படிப் பூட்டிக்கொள்ளாது. கட்டிக்குப் பக்கத்திலேயே தாடையை மூடுகிற தசை ஒன்று ஓடுகிறது, சீழின் எரிச்சல் அதைத் தொட்டதும் அது இறுகிக்கொள்ளும். நல்ல நிலையில் இருக்கிற ஒரு பெரியவர் தன் மூன்று விரல்களை நெடுக்காக அடுக்கி முன்பற்களுக்கு நடுவில் வைக்க முடியும். கட்டி வந்தவருக்கு இரண்டே தகராறு, சிலருக்கு ஒன்றுதான் போகும். கொட்டாவி வந்தால் பாதியில் நிறுத்திவிடுவார்கள், பல் துலக்க முடியாது, பிரஷ் உள்ளே போனாலும் கடைவாய்ப் பக்கம் எட்டாது. பல் துலக்காததால்தான் வாய் நாறுகிறது என்று நினைத்துக்கொள்வார்கள், ஆனால் அந்த வாடை பெரும்பாலும் சீழில் இருந்து வருவது. காற்றில்லாத இடத்தில் பெருகுகிற பாக்டீரியாக்களும் அதில் கலந்திருக்கும், அதனால் வாடை சற்றுக் கடுமையாகவே இருக்கும்.

கொப்பளிக்கும் மருந்துகள் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. பென்சிடமின் 0.15 சதவீதக் கரைசல் வலிக்கு நல்லது, போவிடோன் அயோடின் கிருமிக்கு, உப்புத் தண்ணீர் செலவே இல்லாமல் ஆறுதலுக்கு. தைராய்டு தொந்தரவு உள்ளவர்கள் அயோடினைத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டாம். சீழ்க்கட்டி வந்தவர் தலையை அண்ணாந்து கொப்பளிக்கவே மாட்டார், கழுத்து பிடித்துக்கொண்டிருக்கும், அந்தப் பக்கம் தாடைக்குக் கீழே நெறி கட்டித் தொட்டாலே துடிக்கும். தொண்டை அடைக்கிற நோயில் கொப்பளிக்கவோ விழுங்கவோ சொல்லி வற்புறுத்துவது ஆபத்து என்பதற்கு ஒரு பழைய உதாரணம் ஜார்ஜ் வாஷிங்டன். 1799 டிசம்பரில் அவருக்குத் தொண்டை அடைத்தபோது வெல்லப்பாகும் வினிகரும் வெண்ணெயும் கலந்து கொடுத்தார்கள், ஒரு சொட்டு விழுங்க முடியவில்லை, மூச்சுத் திணறிப் போனார். மருத்துவர்கள் திரும்பத் திரும்ப இரத்தத்தை வெளியேற்றினார்கள், அன்றிரவே இறந்துவிட்டார். டான்சில் சீழ்க்கட்டியாக இருக்கலாம் என்றும் அன்றே ஒரு பேச்சு இருந்தது, குரல்வளைக்கு மேல் இருக்கிற மூடி (எபிகிளாட்டிஸ்) வீங்கியதுதான் காரணம் என்பது இன்றைய மருத்துவர்கள் பலரின் கணிப்பு. எதுவானாலும், விழுங்க முடியாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

ஆவி பிடிக்கிற மெஷின்: மூக்கடைப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், இதற்கு வேண்டாம்.

இப்போது நான் முழு மதிப்பெண் கொடுக்கப்போகிற பொருள், சாதாரண டார்ச். போனில் இருக்கிற வெளிச்சமே போதும். வெளிச்சத்தைக் காட்டி "ஆ" சொல்லச் சொல்லிப் பார்க்கும்போது எல்லோரும் தேடுவது வெள்ளைப் புள்ளிகளை. அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் சீழ்க்கட்டி இருக்கலாம். பார்க்க வேண்டியது இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிறதா என்பதைத்தான். நடுவில் தொங்குகிற உள்நாக்கிலிருந்து இரண்டு பக்கமும் வளைவாக இறங்குகிற மெல்லண்ணம் இருக்கிறதல்லவா, நல்ல தொண்டையில் அந்த இரண்டு வளைவும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். தம்பிக்கு இடது பக்க வளைவு மறைந்துபோய் அந்த இடத்தில் சிவந்து, பளபளவென்று, உப்பலாக ஒரு மேடு இருந்தது, டான்சில் கீழேயும் நடுவாகவும் தள்ளப்பட்டிருந்தது, உள்நாக்கு வலது பக்கமாக ஒதுங்கிச் சாய்ந்திருந்தது. மேடு ஒரு பக்கம், உள்நாக்கு சாய்வது எதிர்ப் பக்கம். இதை ஒருமுறை பார்த்தால் போதும், படிக்காதவருக்கும் ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிடும். ஆனால் வாயே திறக்காதபோது டார்ச் என்ன செய்யும் என்று கேட்கலாம். திறக்கவில்லை என்பதே உங்களுக்குப் பதில், மேற்கொண்டு நோண்ட வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை: எச்சில் வழிய, முன்னால் குனிந்து உட்கார்ந்து, மூச்சு இழுக்கும்போது சத்தம் கேட்கிற குழந்தையின் வாயில் டார்ச், கரண்டி எதையும் நுழைக்காதீர்கள், படுக்கவும் வைக்காதீர்கள். அழ வைத்தாலே மூச்சுக்குழாய் முழுதாக அடைத்துக்கொள்ளலாம். உட்கார்ந்தபடியே தூக்கிக்கொண்டு ஆம்புலன்ஸ்தான்.

குழந்தைகளைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. டான்சில் பக்கத்துக் கட்டி அதிகமாக வருவது பதின்வயதினருக்கும் இருபதுகளில் இருப்பவர்களுக்கும். ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு வருவது பெரும்பாலும் தொண்டையின் பின்சுவருக்குப் பின்னால் சேர்கிற கட்டி, அங்கே அந்த வயதில் இருக்கிற நிணநீர்க் கணுக்களில் கிருமி தங்கிச் சீழ் பிடிக்கிறது. பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. காய்ச்சலோடு சாப்பிட மறுப்பது, கழுத்தை ஒரு பக்கமாகவே வைத்துக்கொள்வது, மேலே பார்க்கச் சொன்னால் அழுவது, இவைதான் தெரியும். கழுத்தை அசைக்காததால் மூளைக்காய்ச்சலோ என்று பயப்படுவார்கள். எதுவாக இருந்தாலும் போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரிதான்.

காய்ச்சல், வலி மாத்திரைகள்: பாராசிட்டமால் எடுப்பதில் தப்பில்லை, பெரியவர்களுக்கு ஒரு நாளில் மொத்தம் 4 கிராமைத் தாண்டக் கூடாது. குறை என்னவென்றால் காய்ச்சலை இறக்கிவிட்டு "பரவாயில்லையே" என்று நினைக்க வைத்துவிடும். சீழ்க்கட்டியின் வழக்கமான போக்கு இப்படி இருக்கும்: சில நாள் தொண்டை வலி, சிலருக்கு நடுவில் கொஞ்சம் தேறின மாதிரி, அப்புறம் ஒரு பக்கமாக ஒதுங்கி முன்னைவிட மோசமாக ஏறும். அதே பக்கக் காதும் வலிக்கும். காதுக்குள் ஒன்றும் இருக்காது, தொண்டைக்கும் காதுக்கும் பொதுவாக ஓடுகிற ஒரு நரம்பு வலியை அங்கே கொண்டுபோகிறது. காதுக்குச் சொட்டு மருந்து வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு, தம்பி மேஜையில் அதுவும் இருந்தது. ஏற்கெனவே ஆன்டிபயாட்டிக் சாப்பிடுகிறோமே, கட்டி எப்படி வரும் என்று நினைக்காதீர்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வரலாம், தேங்கிய சீழுக்குள் மருந்து சரியாகப் போய்ச் சேராது.

விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் மீட்டரைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். நல்ல கருவி, ஆனால் இந்த நோயில் அது தருகிற நிம்மதி பொய். மூச்சுப் பாதை குறுகிக்கொண்டு வரும்போதுகூட எண் 97, 98 என்றே காட்டிக்கொண்டிருக்கும், அது இறங்க ஆரம்பிக்கும்போது நேரம் கடந்திருக்கும். மீட்டரைப் பார்க்காதீர்கள், ஆளைப் பாருங்கள். படுக்க முடிகிறதா, மூச்சில் சத்தம் வருகிறதா, ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா.

பேச்சு என்றதும் குரல். தொண்டை கட்டிக்கொண்டால் குரல் கரகரக்கும். சீழ்க்கட்டியில் கரகரப்பு இருக்காது, வாய் நிறையச் சூடான எதையோ வைத்துக்கொண்டு நாக்கைச் சுட்டுக்கொள்ளாமல் பேசுகிற மாதிரி மழுங்கி, அமுங்கி வரும். போனில் கேட்டாலே வித்தியாசம் தெரியும்.

அதனால்தான் வீடியோ மருத்துவ ஆலோசனையை இந்தப் பட்டியலில் மேலே வைக்கிறேன், ஒரு பெரிய குறையோடு. பெயர் சொல்ல விரும்பவில்லை. டாக்டரிடம் போவதற்கு முன் ஆப் தானாகவே சில கேள்விகள் கேட்கிறது. காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, சளி உண்டா என்று கேட்டுவிட்டு, "சாதாரணத் தொண்டைத் தொற்று" என்று ஒரு பெட்டியில் போட்டு, காத்திருப்போர் வரிசையில் கடைசியில் தள்ளிவிட்டது. எந்தப் பக்கம் வலிக்கிறது என்று கேட்கவில்லை, எச்சில் விழுங்க முடிகிறதா என்று கேட்கவில்லை. அந்த இரண்டு கேள்வியைச் சேர்க்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? டாக்டர் வந்த பிறகு கதையே வேறு. தம்பி "வணக்கம் டாக்டர்" என்று சொன்ன குரலைக் கேட்டதுமே அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தம்பி, எச்சில் முழுங்க முடியுதா?" அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். "மூணு விரலை நெடுக்கா வாய்க்குள்ள வையுங்க பார்ப்போம்." ஒன்றரை விரலோடு நின்றது. வெளிச்சம் காட்டச் சொல்லக்கூட இல்லை. என்னைப் பார்த்து, "அண்ணன் நீங்கதானே, இவருக்கு மருந்து எழுதல, காது மூக்கு தொண்டை டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரியா பார்த்து இப்பவே கூட்டிட்டுப் போங்க, போற வழியில எதுவும் சாப்பிடக் குடிக்கக் கொடுக்காதீங்க" என்றார். மருந்து எழுதாமல் அனுப்பியதற்காக ஒரு சேவையைப் பாராட்டுவது விநோதம்தான், ஆனால் இந்த நோயில் வீடியோவில் செய்யக்கூடிய சரியான காரியம் அது ஒன்றுதான்.

கடைசியாக, உண்மையில் வேலை செய்த சிகிச்சை. சீழை வெளியேற்றுவது. உட்கார வைத்தே செய்தார்கள். தொண்டையை மரத்துப்போக வைத்துவிட்டு (வாய்க்குள் எட்டாத அதே வகை ஸ்ப்ரே, இங்கே நீளக் குழாயோடு), ஒரு பெரிய ஊசியை எடுத்து அதன் பிளாஸ்டிக் உறையின் நுனியை வெட்டிவிட்டுத் திரும்பப் போட்டார் டாக்டர். ஊசியின் முனை ஒரு சென்டிமீட்டர் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனி டான்சிலுக்குப் பின்னால் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் தள்ளித்தான் ஓடுகிறது, கை வழுக்கினாலும் ஊசி அவ்வளவு ஆழம் போகக் கூடாது என்று அந்த ஏற்பாடு. மேட்டின் மேல்பக்கத்தில் குத்தி இழுத்ததும் சிரிஞ்சுக்குள் பச்சை கலந்த மஞ்சளில் கெட்டியாகச் சீழ் ஏறியது, அறை முழுக்க வாடை. தம்பி கிண்ணத்தில் துப்பிவிட்டு நிமிர்ந்து, "அண்ணே, முழுங்க முடியுது" என்றான். குரல் அப்போதே பாதி திரும்பியிருந்தது. இப்படி உடனே தெரிகிற நிவாரணம் மருத்துவத்தில் குறைவு.

சில இடங்களில் ஊசிக்குப் பதிலாகச் சின்னதாகக் கீறி வடிய விடுவார்கள். ஊசியால் எடுப்பது எளிது, ஆனால் மறுபடி சீழ் சேர்ந்து திரும்ப எடுக்க வேண்டிவர வாய்ப்பு சற்று அதிகம். முதல் தடவை குத்தும்போது சீழே வராமல் போகலாம், இன்னும் கட்டியாகத் திரளாமல் வெறும் வீக்கமாக இருக்கிற கட்டம் அது, அப்போது மருந்தை ஏற்றிக் கவனிப்பார்கள். சந்தேகமாக இருந்தால் சிடி ஸ்கேன் அல்லது அல்ட்ராசவுண்ட். இரத்தக் குழாய் வழியாகத் திரவம், ஆன்டிபயாட்டிக், சிலருக்கு வீக்கம் வடிய ஒரு தடவை ஸ்டீராய்டு. விழுங்க முடியாமல் கிடந்ததில் உடம்பு வறண்டு போயிருப்பதால் திரவம் ஏறியதே பாதித் தெம்பு. வீட்டுக்கு வந்த பிறகும் ஆன்டிபயாட்டிக் பத்து நாளுக்குக் குறையாமல் இருக்கும், வலி போய்விட்டதே என்று நடுவில் நிறுத்தக் கூடாது.

வலி விட்ட பிறகும் கவனிக்க வேண்டியவை உண்டு. கழுத்தின் வெளிப்புறம் வீங்கினால், நெஞ்சு வலித்தால், குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் திரும்பினால் உடனே திரும்பப் போக வேண்டும். சீழ் கழுத்தின் ஆழத்துக்கும் நெஞ்சுக்கும் இறங்கலாம், கழுத்துச் சிரையில் கிருமியோடு இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகலாம். இந்தக் கடைசி நோயைப் பிரெஞ்சு மருத்துவர் ஆந்த்ரே லெமியேர் 1936இல் விரிவாக எழுதியதால் அவர் பெயரிலேயே சொல்கிறார்கள். அரிதுதான், ஆனால் இளவயதினரைத் தாக்குகிறது, "தொண்டை வலி சரியாகிவிட்டது" என்று நினைக்கிற சமயத்தில் வருகிறது.

டான்சிலை எடுத்துவிட வேண்டுமா என்று நாங்கள் கேட்டதற்கு, ஒரு தடவை வந்ததற்கே எல்லோருக்கும் எடுப்பதில்லை என்றார் டாக்டர். திரும்ப வருவது ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு. ஏற்கெனவே அடிக்கடி டான்சில் வீங்கியவர்களுக்கும் இரண்டாவது முறை கட்டி வந்தவர்களுக்கும்தான் அந்தப் பேச்சு வரும். தம்பிக்குச் சிகரெட் பழக்கம் உண்டு, புகைப்பவர்களுக்கு இந்தக் கட்டி அதிகமாக வருகிறது என்று அவர் அவனிடமே சொன்னார், நான் எதுவும் சொல்லவில்லை. மேஜையில் இருந்ததில் மாத்திரை டப்பாவையும் பென்சிடமினையும் வைத்துக்கொண்டோம், அடுத்த சளிக்கு ஆகும். ஸ்ப்ரேயை நான் இன்னொரு தடவை வாங்க மாட்டேன்.